குளம்பு - சமையல் குறிப்பு அல்ல

ரெசிபி தேடி வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடலாம். இது குதிரையோட குளம்பு.

போன அக்டோபரில் அம்மாவிடம் போனில், "கொளம்பு சரியில்லம்மா, ஒடஞ்சு ஒடஞ்சு போகுது"ன்னு புலம்பினேன். "மோர்க்கொளம்பா? கொதிக்க விட்டிருப்ப"ன்னாங்க. அம்மாவுக்குப் புரிய வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு.

வேல்ஸில் படிக்க வந்த எனக்கு சனி, ஞாயிறு ஒரு குதிரை லாயத்தில் வேலை. லத்தி அள்ளணும், தண்ணி வைக்கணும், அவ்வளவுதான். அங்கே மோலி என்று 14 வயசுப் பெண்குதிரை. குழந்தைகளுக்குச் சவாரி பழக்குகிற பரம சாது. அதன் முன்னங்கால் குளம்புகளின் ஓரம் பழைய அப்பளம் மாதிரி உதிரும். லாடம் அடித்தால் மூணே வாரத்தில் கழன்று விழும், ஆணி பிடித்திருந்த இடத்தையும் பெயர்த்துக்கொண்டு. கல்லில் கால் வைத்தாலே நொண்டும். சவாரிக்கு ஆகாத குதிரைக்கு எத்தனை நாள் தீவனம் போடுவது என்று லாயத்துக்காரம்மா யோசிக்க ஆரம்பித்திருந்தார். யோசனை எங்கே போய் முடியும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் படிப்பது பொருளறிவியல். விடுவேனா? காய்ந்து போனதால்தான் உடைகிறது, எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டினேன். (தலைமுடிக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தே வளர்ந்த புத்தி.) போகிற நாளெல்லாம் ஹோஸ் பிடித்துக் கால்களை நல்லா கழுவி, குளம்பு எண்ணெயைப் பிரஷ்ஷால் பூசி, பளபளன்னு ஆக்கிவிட்டேன்.

அப்புறம் லாடம் அடிக்கிறவர் வந்தார். பிரிட்டனில் 1975-லேயே இதுக்குச் சட்டம் போட்டுட்டாங்க. பதிவு பெற்ற லாடக்காரர், தொழில் பழகுபவர், கால்நடை மருத்துவர் மாதிரி சிலரைத் தவிர வேறு யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சந்தையோரம் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

பெரியவர் மோலியின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யார் இந்தப் பாலீஷ்?" என்றார். பெருமையா கை தூக்கினேன்.

"நகத்துக்குச் சாயம் பூசினா நகம் கெட்டியாகுமா?"

அவர் சொன்னதன் சாரம் இது. குளம்புச் சுவர் உயிரில்லாத கொம்பு, நம்ம நகம் மாதிரி. மயிர் முடிகிற மேல் விளிம்பில் புதுசா வளர்ந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மாசத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர். முன்நுனியில் தரையைத் தொட கிட்டத்தட்ட ஒரு வருஷம். இன்று கீழே உதிர்வது போன வருஷம் விளைந்தது. அதை ஒட்டவும் முடியாது, ஊட்டவும் முடியாது. புதுசுதான் நல்லதா வளரணும்.

எண்ணெயைவிட என் ஹோஸ்தான் பெரிய வில்லன். ராத்திரி சேறு, பகலில் காய்ந்த கொட்டில், நடுவில் என் தண்ணி அபிஷேகம். ஊறினால் கொம்பு உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் ஆணி ஓட்டை தளர்ந்து, அங்கிருந்தே விரிசல் கிளம்பும். அறைக்கு வந்து தேடினேன். பெர்ட்ரம், காஸ்லைன் என்ற இருவர் 1987-லேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். ரொம்பக் காய்ந்தாலும் பலமில்லை, முழுக்க ஊறினாலும் பலமில்லை. இடைப்பட்ட ஈரத்தில்தான் குளம்பு விரிசலை நன்றாகத் தாங்குகிறது. அட, அதெல்லாம் எதுக்கு? ஈரத் தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்று கிரேக்கர் ஜெனபோன் 2300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வைத்திருக்கிறார்! முற்றத்தில் கைப்பிடியளவு உருண்டைக் கல் பரப்பச் சொன்னதும் அவர்தான். பொருளறிவியல் மாணவன் முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது...

அடுத்தது தீவனம். பயோட்டின் என்ற பி வைட்டமின் பற்றி வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளிடம் செய்த ஆய்வு 1995-ல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் கொடுத்ததில் கொம்பின் தரம் கூடியது, ஆனால் வித்தியாசம் தெரிய மாசக்கணக்காச்சு. துத்தநாகமும் செம்பும் போதிய அளவு வேணும். லாயத்துக்காரம்மா ஆர்வத்தில் மூணு கம்பெனி டப்பா வாங்கி மூணையும் கலக்கப் போனார். பெரியவர் தடுத்துவிட்டார். மூணிலும் செலினியம் இருந்தது. அது கொஞ்சம் வேணும்தான், ஆனால் அளவு மீறினால் பிடரி மயிர் கொட்டும், குளம்பே வெடிக்கும்.

செலவு மிச்சம் என்று 10 வாரத்துக்கு ஒருமுறை சீவிய குளம்பை இனி 5 வாரத்துக்கு ஒருமுறை சீவச் சொன்னார். நீண்டு விரிந்த நுனி ஒவ்வொரு அடிக்கும் நெம்புகோல் மாதிரி சுவரைப் பிளக்குமாம். குளிர்காலம் முழுக்க லாடம் கிடையாது, சவாரியும் கிடையாது. மூத்திர ஈரம் தங்காத படுக்கை போட்டுப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லாயத்துக்காரம்மா அடுத்த இலையுதிர்காலம் வரை தவணை கொடுத்தார்.

ஜனவரியில் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு மெல்லிய வரி தெரிந்தது. வரிக்கு மேலே வழவழப்பு, கீழே பழைய அப்பளம். அன்றிலிருந்து மாசம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து, ஆய்வு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். (ஆய்வு அந்த வேகத்தில் போகவில்லை என்பது வேறு கதை.) மே மாசம் லாடம் அடித்தார்கள். ஆணி புதுக்கொம்பில் இறங்கியது. 5 வாரம் தாங்கியது.

இது ஆகஸ்ட். என் படிப்பும் ஒரு வருஷம்தான், செப்டம்பரில் மூட்டை கட்டணும். நேற்று அளந்தேன். நுனியில் இன்னும் ஒரு விரல் அகலம் பழசு பாக்கி. எனக்குப் பதிலா வந்திருக்கும் பையன் முதல் நாளே எண்ணெய் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான்.

பிடுங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.