நாவில் இருக்கும் எழுத்துகள்



அஸருக்குப் பின் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "ஹஜ்ரத், பிள்ளைக்கு இங்கிலீஷ் வரமாட்டேங்குது, டியூஷனுக்கு அனுப்பட்டுமா?" டியூஷன் நேரமும் மதரஸா நேரமும் ஒன்றே. ஆகவே, ஓதலை நிறுத்திக்கொள்ளலாமா என்பதும் அக்கேள்விக்குள் இருக்கிறது. பிள்ளையின் அத்தா சவூதியிலோ துபாயிலோ உழைப்பவர். ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அங்கே கிடைக்கும் கூலி வேறுபாட்டைக் கண்ணால் கண்டவர். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை.

தமிழ்வழிப் பிள்ளையும் முதல் வகுப்பு தொட்டே ஆங்கிலம் படிக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளும் பெருகின. ஆயினும் பத்தாம் வகுப்பு முடித்தவன் நான்கு வாக்கியம் பேசத் தயங்குகிறான். பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. பேசச் சொல்லி எவரும் கேட்பதில்லை. கேட்காததை யார் கற்பிப்பார்?

உச்சரிப்புதான் தடை என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்னும் அதே பிள்ளை, மதரஸாவில் 'ஃபா'வைப் பிழையின்றி ஓதுகிறது. மூன்று புள்ளி வைத்த 'ஸா'வின் ஒலிதான் ஆங்கிலத்தில் 'திங்க்' என்பதன் முதல் ஒலி. புள்ளி வைத்த 'தால்' ஒலிதான் 'திஸ்' என்பதன் முதல் ஒலி. 'வாவ்' இருக்கிறது, 'ஷீன்' இருக்கிறது. அரபியில் இல்லாத 'ப'வையும் 'ச்ச'வையும் தாய்மொழி தந்துவிட்டது. மக்ரஜ் பயின்ற நாவுக்கு ஆங்கில ஒலி அந்நியமன்று. அதைப் பள்ளியில் சொல்வாருமில்லை, மதரஸாவில் சொல்வாருமில்லை.

தடை பொருளில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். அதில் வந்த 'பாண்ட்' என்றால் என்ன என்றேன், விழித்தான். குளத்தில் நீந்தி வளர்ந்த பிள்ளை அவன்! பொருளறியாது குர்ஆனை ஓதினும் அது இபாதத், நன்மை உண்டு. பொருளறியாது ஆங்கிலம் வாசிப்பதில் என்ன உண்டு? ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தை ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றார்கள் என்று ஹதீஸில் வருகிறது. கடிதங்களைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் ஆள் தேவைப்பட்டது. அத்தேவை கற்றலை விரைவாக்கியது.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் குடைவரைக்கு அழைத்துச் சென்றேன். சமணர் கோயிலுக்கா என்று ஒருவர் முகம் சுளித்தார். பார்ப்பது வேறு, வணங்குவது வேறு என்பதை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். விதானத்தில் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர். ஓவியம் பல இடங்களில் மங்கிச் சிதைந்திருப்பதால் எது எதுவென்று தெரியவில்லை. "இஸ் இட் எ ஃபிஷ்?" என்றான் அதே மாணவன். "நோ, லீஃப்" என்றாள் ஒரு சிறுமி. விடை தெரியாமல் அவர்கள் ஆங்கிலத்தில் கேட்ட முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வினாவிடை நோட்டில் விடை தெரிந்த கேள்விகள் மட்டுமே இருக்கின்றன.

இப்போது வியாழன்தோறும் ஓதல் முடிந்தபின் இருபது நிமிடம் ஆங்கிலம் பேசுகிறோம். புத்தகம் இல்லை. பள்ளிவாசல் ஹவுதும் செருப்பு வரிசையும் வேப்பமரமுமே பாடம். இருவர் டியூஷனுக்குச் சென்றுவிட்டனர். ஒருவனின் அத்தா துபாயிலிருந்து அழைத்து, மகனோடு ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தாராம். ஓதலை நிறுத்துவது பற்றி இன்னும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.