பல்லக்கும் சேர் லிஃப்டும்

கர்வால் மலையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பல்லக்கில் வருவான். பெண்ணை டோலாவில் வைத்துத் தூக்கிப் போவார்கள். மரத்தை அறுத்து இழைத்துப் பல்லக்குச் செய்தவர்கள் சில்ப்கார்கள். தச்சர், கொல்லர், தோல் வேலை செய்பவர், மேளம் அடிப்பவர் எல்லாரையும் சேர்த்து அந்த மலையில் வழங்கும் பெயர் அது. நம்ம ஊர்க் கணக்கில் சேரிக்காரர்கள். மேல்சாதி வீட்டுப் பல்லக்கைத் தோளில் வைத்து மேடும் பள்ளமும் சுமந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்துதான் போகணும். ஏறி உட்கார்ந்தால் அடி.

1920களில் தொடங்கி ஜயானந்த் பாரதி இதை எதிர்த்து ஆட்களைத் திரட்டினார். டோலா பால்கி இயக்கம் என்று பெயர். ஊர்வலங்களை மறித்தார்கள், அடித்தார்கள், பல்லக்குகளை உடைத்தார்கள். கடைசியில் 1941இல் காந்தி, இந்தப் பிரச்சினை தீரட்டும் என்று சொல்லி, கர்வாலில் தனிநபர் சத்தியாக்கிரகத்தை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. வெள்ளைக்காரனிடம் சுதந்திரம் கேட்ட ஊரில், பல்லக்கில் ஏற ஒரு கூட்டம் பக்கத்து வீட்டுக்காரனிடம் போராட வேண்டியிருந்தது.

இதே கர்வாலில், சமோலி மாவட்டத்தில் அவுலி என்ற பனிச்சறுக்கு மலை இருக்கிறது. அங்கே ஒரு சேர் லிஃப்ட் ஓடுகிறது. "நீ எதுக்குடி பனிச்சறுக்கப் பத்தி எழுதுற, அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்று தோழர்கள் கேட்டார்கள். பணக்காரன் விளையாட்டுதான். நான் எழுதப் போவது விளையாட வந்தவனை உட்கார வைத்து மேலே அனுப்புகிறவனைப் பற்றி.

2024 பிப்ரவரியில் டேராடூனில் ஒரு கூட்டம். முடிந்ததும், டில்லியில் இருக்கும் நம்மூர் அக்கா ஒருவர், "வா, மலைக்குப் போய் ரெண்டு பேரப் பாத்துட்டு வருவோம்" என்றார். இந்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எனக்கு எம்.ஏ. தமிழ் மட்டும்தான்.

அவுலிக்கு ஜோஷிமட் வழியாகப் போகணும். 2024இல் அதன் பெயரை ஜோதிர்மட் என்று மாற்றினார்கள். ஆதிசங்கரர் நிறுவியதாகச் சொல்லும் நாலு மடங்களில் ஒன்று இங்கே. காசியில் சங்கரர் ஒரு சண்டாளனைப் பார்த்து விலகிப் போ என்றாராம். எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆத்மாவையா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். அப்படிக் கேட்டவனைக் கடைசியில் சிவன் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சண்டாளன் சண்டாளனாகவே இருந்து கேள்வி கேட்டான் என்று எழுத மனசு வரவில்லை.

ஊரே பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1976லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. 2023 ஜனவரியில் 800க்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம் ஓடிய ரோப் காரையும் அப்போது நிறுத்தினார்கள். அதனால் நாங்கள் ஜீப்பில்தான் ஏறினோம்.

அவுலி சின்ன இடம். சரிவு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2500 மீட்டரில் தொடங்கி 3000 மீட்டர் வரை போகிறது. எதிரே நந்தாதேவி. இந்தோ திபெத் எல்லைப் போலீசின் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்று இருக்கிறது. சேர் லிஃப்டின் நீளம் சுமார் 800 மீட்டர். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சறுக்கவே தெரியாது. வாடகைக் கோட்டு, வாடகை பூட்ஸ் மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

பனி என்று தமிழில் எழுதும்போதே எனக்கு இடிக்கிறது. நம்ம முன்பனியும் பின்பனியும் புல் நுனியில் நிற்கும் ஈரம். இது முழங்கால் வரை குவிகிறது. முதலில் பார்த்ததும் எனக்கு மரக்காணம் உப்பளம்தான் ஞாபகம் வந்தது. எங்கம்மா அங்கே உப்பு வாரிக் கூலி வாங்கியவள். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்துவது போலவே இதுவும் குத்துகிறது. உப்பளத்தில் அம்மாவுக்கு யாரும் கறுப்புக் கண்ணாடி கொடுத்ததில்லை. இங்கே அதையும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜனவரி பெரும்பாலும் வறண்டே போயிருந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. நாங்கள் போனபோது மேலே நல்ல பனி. கீழ்ச் சரிவில் இடையிடையே காய்ந்த புல் தெரிந்தது. ஒரே நாளில் பனி மூணு விதமாக மாறுகிறது. ராத்திரி உறைந்தது காலையில் கண்ணாடி மாதிரி வழுக்கும், விழுந்தால் எலும்பு போகும். வெயில் ஏறினால் மேல் அடுக்கு இளகும், சறுக்க அதுதான் வாகான நேரம். மத்தியானம் தாண்டினால் கஞ்சி. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் லிஃப்டில் வேலை பார்க்கும் ஒரு சில்ப்கார். அக்கா பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருவர். வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும்.

சேர் லிஃப்டின் வேலை இதுதான். கீழே ஒரு பெரிய சக்கரம், மேலே ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி முடிவில்லாத இரும்புக் கயிறு. நடுவில் தூண்கள், தூண் தலையில் சின்னச் சின்ன உருளைகள். கயிற்றைக் கவ்விக்கொண்டு நாற்காலிகள் தொங்குகின்றன. பழனி ரோப் காரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதில் பெட்டி, இதில் வெறும் நாற்காலி. காலுக்குக் கீழே காற்று. நாற்காலி நமக்காக நிற்காது. நகர்ந்துகொண்டே பின்னால் வந்து முழங்காலைத் தட்டும். அந்தக் கணத்தில் உட்காரணும்.

அங்கேதான் அவர் நிற்கிறார். காலையில் முதல் ஆளாக வந்து நாற்காலிகளில் உறைந்ததைத் தட்டிவிடுகிறார். ஏறும் இடத்தில் பனி தேய்ந்து பள்ளமானால் மண்வெட்டியால் வாரிப் போட்டு மட்டம் பண்ணுகிறார். பள்ளமாக விட்டால் நாற்காலி எட்டாது, மேடாக விட்டால் காலை மடக்கித் தள்ளிவிடும். வருகிற நாற்காலியை ஒரு கையால் பிடித்து, பயந்த ஆளை இன்னொரு கையால் தாங்கி, "பைட்டியே" என்கிறார். உட்காருங்கள் என்று அர்த்தம். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தை. பலத்த காற்று அடித்தால் லிஃப்ட் நிற்கும். பனி இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத வருஷம் இவரைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கு வேலையும் இல்லை.

இந்த இயந்திரம் முதலில் வந்தது 1936இல், அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து சன் வேலியில். யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி பணக்காரர்களுக்காக அங்கே ஒரு பனிச்சறுக்கு ஊரைக் கட்டியது. அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஜேம்ஸ் கரன், அதற்கு முன்னால் கப்பலில் வாழைத்தார் ஏற்றக் கொக்கிகள் தொங்கும் கயிறு ஒன்றை வடிவமைத்தவர். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். மனுஷன் முதுகில் ஏறிய வாழைத்தார் கயிற்றுக்கு மாறியது. பிறகு அதே கயிறு பணக்காரனைத் தூக்கியது. சாதி ஒழிப்பு பற்றி லாகூரில் பேசவிடாத உரையை அண்ணல் அம்பேத்கர் தாமே அச்சிட்டு வெளியிட்டதும் அந்த 1936இல்தான். ஒரு கயிற்றுக்குச் சுமக்கிற வேலையை மாற்றிக் கொடுத்துவிடலாம். யார் உட்காரலாம், யார் நிற்கணும் என்கிற கணக்கு மனுஷன் மண்டையில் இருக்கிறது. அதை மாற்றத்தான் அண்ணல் எழுதினார்.

அக்காவும் நானும் டிக்கெட் வாங்கி ஏறினோம். டிக்கெட் விலை எங்கம்மாவின் ஒரு நாள் கூலிக்கு மேல். அவர் நாற்காலியைப் பிடித்து, "பைட்டியே தீதி" என்றார். உட்கார்ந்தேன். கால் தரையை விட்டது. பயம் போக இரண்டு தூண் தாண்டியது. யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. இயந்திரத்துக்குக் கேட்கத் தெரியாது. நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மலைகளில் உட்கார்ந்ததற்காகச் செத்தவர்களின் கணக்கு எனக்குத் தெரியும். பக்கத்துக் குமாவுனில், அல்மோரா மாவட்டம் கஃபல்டாவில், 1980 மே 9ஆம் தேதி ஒரு தலித் மாப்பிள்ளையைப் பல்லக்கிலிருந்து இறங்கச் சொன்னார்கள். கோயில் இருக்கிறது, இறங்கி நட என்றார்கள். ஊர்வலத்தார் மறுத்தார்கள். கைகலப்பில் மேல்சாதிக்காரர் ஒருவர் இறந்தார். அதற்குப் பதிலாக 14 தலித்துகளைக் கொன்றார்கள். சிலரை வீட்டுக்குள் வைத்து எரித்தார்கள். கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் எல்லாரையும் விட்டுவிட்டன. உச்ச நீதிமன்றம் 1997இல்தான் 16 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே மாவட்டத்தில் 2022 மே மாதம் ஒரு தலித் மாப்பிள்ளையைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லி மிரட்டினார்கள். 42 வருஷம் கழித்தும் அதே பேச்சு: இறங்கு.

2019 ஏப்ரல் கடைசியில் கர்வாலின் டெஹ்ரி மாவட்டத்தில் ஒரு கல்யாண விருந்து. தச்சு வேலை செய்த ஒரு தலித் இளைஞர், மேல்சாதிக்காரர்கள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அடிக்கப்பட்டார். குடும்பத்தாரின் புகார் அதுதான். மே 5ஆம் தேதி டேராடூன் மருத்துவமனையில் உயிர் போனது. அடுத்த மாதம், ஜூனில், அவுலியில் ஒரு கல்யாணம். தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த பெரும் பணக்காரக் குடும்பம். செலவு 200 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய் 3 கோடி ரூபாய் கட்டச் சொன்னார்கள். பந்தல் போட வந்த தொழிலாளர்களுக்குக் கக்கூஸ் வசதி இல்லாததும் அங்கே பேச்சில் வந்தது. விருந்து முடிந்ததும் சரிவெல்லாம் டன் கணக்கில் குப்பை. அள்ளியவர்கள் ஜோஷிமட் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள். இந்த நாட்டில் அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டுவார்கள் என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த மலைக்குப் பனி நம்பிக்கையாக வருவதில்லை. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டு நடத்த வெளிநாட்டிலிருந்து பனி செய்யும் இயந்திரங்களை இறக்கினார்கள். தண்ணீருக்குச் செயற்கை ஏரி கட்டினார்கள். தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துப் பீய்ச்சினால் துளி பறக்கும்போதே உறையும். ஆனால் அதற்கும் குளிர் பூஜ்யத்துக்கு இரண்டு மூணு டிகிரி கீழே இறங்கணும், காற்று உலர்ந்திருக்கணும். வானம் ஒத்துழைக்காவிட்டால் இயந்திரமும் வேலை செய்யாது. 2018இல் நடக்கவிருந்த சர்வதேசப் பந்தயம் பனி இல்லாமல் கைவிடப்பட்டது. பந்தயம் போனால் கோப்பை போகும். இவருக்கோ அரிசி போகும்.

சாயங்காலம் லிஃப்ட் நின்ற பிறகு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் எங்களைத் தேடி வந்த காரணம் அப்போதுதான் தெரிந்தது. மே மாதம் தம்பிக்குக் கல்யாணம். தம்பி குதிரையில்தான் போவேன் என்கிறான். பெண் வீட்டுக்குப் போகும் பாதை மேல்சாதித் தெரு வழியாக இருநூறு மீட்டர் போகிறது. இவர் தன் கல்யாணத்தில் அந்த இருநூறு மீட்டரையும் நடந்தவர். "போலீசுக்கு மனு கொடுத்தா, ஊர்ல பகை வருமா தீதி?" என்று கேட்டார்.

"பகை ஏற்கெனவே இருக்குது தம்பி. மனு குடுத்தா அது பேப்பர்ல ஏறும், அவ்ளோதான்" என்றார் அக்கா. இந்தியில் அங்கேயே எழுதினார். நான் பக்கத்தில் இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 என்று தேதியோடு சொல்லிக்கொடுத்தேன். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் 2020இல் ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்ததையும், படம் வெளியே வந்த பிறகு வழக்குப் போட்டதையும் சொன்னேன். "உங்க ஊர்லயுமா?" என்றார். எங்க ஊரிலும்தான். பெரியார் பிறந்த நாடு என்று நாம் பெருமை பேசுவது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களை உட்காருங்கள், உட்காருங்கள் என்று உட்கார வைக்கிற மனுஷன். வந்தவர்களில் பிராமணன் இருப்பான், தாக்கூர் இருப்பான். இவர் கை பிடித்துத்தான் எல்லாரும் ஏறுகிறார்கள். விழுந்துவிடுவோம் என்கிற பயத்தில் ஒருத்தனுக்கும் தீட்டு ஞாபகம் வருவதில்லை. அதே கைக்காரரின் தம்பி இருநூறு மீட்டர் குதிரையில் போக மனு எழுத வேண்டியிருக்கிறது.

மே மாதக் கடைசியில் போன் வந்தது. கல்யாணம் நடந்துவிட்டது. தம்பி குதிரையில்தான் போனானாம். முன்னால் ஒரு போலீஸ்காரர், பின்னால் ஒருவர். தெருவில் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள், கல் மட்டும் விழவில்லை. மறுநாளிலிருந்து அங்கே ஒரு கடைக்காரர் இவர் வீட்டுக்குச் சாமான் தருவதை நிறுத்திவிட்டார். இரண்டு கிலோமீட்டர் நடந்து வேறு கடையில் வாங்குகிறார்கள்.

"அதுக்கும் ஒரு மனு எழுதணும்" என்றார் அக்கா. எழுதி அனுப்பியிருக்கிறோம்.