எடைக்கருவி சொல்லாதது

எடைக்கருவியின் மேல் ஏறி நின்றால் உடல்நலம் முழுவதும் தெரிந்துவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். என் எடை உயரத்திற்குச் சற்றே மிகை, அவ்வளவுதான். ஆயின், ஐம்பத்தைந்தாம் வயதில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் வேறொன்றைச் சொல்லிற்று.

அறிக்கையைப் படித்த மருத்துவர் அளவு நாடாவைக் கையிலெடுத்தார். வேட்டி கட்டும் இடத்திலன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டுமாம். 97 சென்டிமீட்டர்! இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. இரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 ஆகியவற்றை எட்டுவதும், நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்குவதும் ஏனைய நான்கு அடையாளங்கள். ஐந்தில் மூன்று கூடினால் அது மெட்டபாலிக் சின்ட்ரோம். எனக்கு நான்கு இருந்தன. சர்க்கரை 108தான், தனியே பார்த்தால் அற்பமே. ஆனால் இவை கூட்டாக வரும்போது நீரிழிவும் மாரடைப்பும் நெருங்குகின்றன.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கும் சுமையன்று. அது கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு ஓயாது அனுப்புகிறது. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினுக்கும் செவிசாய்க்க மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுவதால், பல ஆண்டுகள் சர்க்கரை ஒழுங்காகவே இருப்பதாகத் தோன்றும். உள்ளே நடப்பதை நாம் அறியோம்.

ஒல்லியானோரும் இதற்கு விலக்கல்லர். புனே மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யூட்கின் இருவரும் தங்கள் உடலையே சான்றாக 2004இல் 'லான்செட்' இதழில் காட்டினர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2!

எனக்கு இப்போது மாலை நடையும், அளவான சோறும். வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில் சர்க்கரையிட்ட காபியை மறுப்பதே பெரும்பாடு. வீட்டம்மாளின் முகம் வாடிவிடுகிறது. அதைவிடப் பெரும்பாடு என் தங்கை. "எனக்கென்ன அண்ணா, கைகால் குச்சியாயிருக்கிறதே" என்று தட்டிக்கழித்து வந்தாள். எங்கள் தாயார் நீரிழிவால் பார்வை குன்றி வருந்தியதை நானும் அவளும் சேர்ந்துதான் கண்டோம். சென்ற மாதம் நாடாவைக் கொடுத்து அவளையே அளந்துகொள்ளச் சொன்னேன். 88. சிறிது நேரம் பேசாதிருந்தாள். வரும் சனிக்கிழமை, காலைக் காபி அருந்தாமல் இரத்தம் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.