கூழைக்கடாவுக்குப் பின்னால் தெரியும் கட்டடம்

மிக்ஜாம் புயல் கடந்துபோன 2023 டிசம்பரில், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்தக் கறை படிந்த கூழைக்கடாக்கள் சில நாட்களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் தென்பட்டன. இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பறவை வாய் திறந்து சொல்லாத அந்தப் பயணத்தை யாரோ எடுத்த படங்கள் சொல்லின. பறவைப் படம் எடுப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அன்றோடு போயிற்று.

இந்த வேலையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று நண்பரிடம் சொல்லிவைத்தேன். அவர் அறிமுகப்படுத்தியவர் மேடவாக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபம், மற்ற நாட்களில் விடியற்காலை சதுப்பு நிலம். பெயர் போட வேண்டாம் என்றார்.

மாசி மாதத்து ஞாயிறு. ஆறு மணிக்கு முன்பே துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் நின்றோம். பெருங்குடிக் குப்பை மேட்டின் வாடை காற்றோடு வந்தது. “காலையில வேளச்சேரி ரோடு பக்கம் நின்னா வெயில் நேரா கண்ணுல அடிக்கும் சார். பறவை கறுப்பாத்தான் வரும். கிழக்கால வந்துடணும்” என்றார். பிறகு முக்கால் மணி நேரம் அவர் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. தரையில் குப்புறப் படுத்து, சம்பங்கோரைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் வந்தது பறவைக்குத் தெரியும், அது நம்மை மறக்கிற வரை பொறுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

என் கண் அவருடைய பை மீது போயிற்று. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, இரு முனையும் தைத்து, நடுவில் ஒரு மடிப்பு விட்டிருக்கிறார். அந்த மடிப்பில் நீள லென்ஸ், குழந்தை மடியில் படுப்பதுபோல் படுத்துக்கொள்கிறது. முதலில் மணல் நிரப்பினாராம். தையல் விட்டு மணல் கசிந்து லென்ஸின் வளையத்துக்குள் போய்விட்டது. பழுது பார்க்க ஒரு கல்யாண வேலையின் கூலி முழுதும் போனது. அடுத்து அரிசி. வண்டு வைத்தது. இப்போது கொள்ளு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி நிரப்புகிறார் அவர் மனைவி. கேமராவுக்கு முக்காலி இருந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பறவையை மேலிருந்து பார்க்க வேண்டும். கொள்ளுப் பை இருந்தால் தரையோடு தரையாகப் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கிவிடலாம். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்கிறார்.

ஏழு மணிக்கு ஒரு நீலத்தாழைக்கோழி கோரையை விலக்கிக்கொண்டு வந்தது. குருத்தைப் பிடுங்கி ஒரு காலால் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோல் கடித்தது. அவர் மூச்சை விடவில்லை. நான்கே நான்கு கிளிக். ஷட்டர் வேகம் பற்றி அவர் விளக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, அதை விட்டுவிடுகிறேன். இன்னொன்று நன்றாகப் புரிந்தது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்துப் படம் எடுப்பவர்களை அவர் பக்கத்தில் சேர்ப்பதில்லை. கல் எறிந்து பறக்கவிட்டுப் படம் எடுக்கிற ஒருவரோடு கைகலப்பு வரை போயிருக்கிறார்.

தமிழில் இந்தக் கலைக்கு மூதாதை உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா செய்துகொண்டு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். தமிழிலும் இயற்கை பற்றி எழுதியவர். அவர் பெயரைச் சொன்னதும் மேடவாக்கத்துக்காரர் முகம் மலர்ந்தது.

மறுநாள் கோவளம் போனோம். அதற்கும் பள்ளிக்கரணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “தண்ணி அங்கதானே சார் போவுது!” பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி, முட்டுக்காடு – கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. சதுப்பில் பார்த்த ஆலாக்களின் உறவினர்கள் அங்கே அலைக்கு மேல் வட்டமிட்டன. ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. அவர் முதலில் பையிலிருந்து எடுத்தது கேமராவை அல்ல, ஒரு கட்டுப் படங்களை. போன முறை எடுத்தவை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் படத்தை வாங்கிப் புடவையில் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “வலைய அறுத்துக்கிட்டு இருக்கச்சே புடிச்சியே தம்பி, சிரிக்கச் சொல்லிப் புடிக்கக் கூடாதா?” என்றார். படம் எடுத்தால் பிரதி கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு விதி.

அந்த விதியை அவரிடம் மட்டும் யாரும் காட்டவில்லை. அவர் எடுத்த பூநாரைக் கூட்டத்தின் படம் ஒன்றை ஒரு விளம்பரத் தரகர், பெயர் போடுகிறோம், அதுவே பெரிய வெளிச்சம் என்று சொல்லி இலவசமாக வாங்கிப்போனார். சில மாதம் கழித்து அந்தப் பூநாரைகள் அடுக்குமாடி வீட்டு விற்பனைத் துண்டறிக்கையில் நின்றன. பெயர் இல்லை, காசு இல்லை. பின்னால் தெரிந்த கட்டடங்களை வெட்டிவிட்டு, ஏரியைப் பார்த்த வீடு என்று அச்சடித்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொல்லாத படம் எடுத்தவருக்கே சொந்தம். எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுக்கும் அந்த உரிமை நிற்கும். எடுத்தவர் தாமே என்று உரிமை கோரவும் அதே சட்டம் இடம் தருகிறது. வழக்குப் போடப் பணத்துக்கு எங்கே போவார்? விடியலில் சேற்றில் படுத்தவருக்கு ஒன்றும் இல்லை, குளிர் அறையில் இருந்து கைமாற்றிவிட்டவருக்குக் கமிஷன். உழைத்தவனைத் தவிர எல்லோரும் பிழைக்கும் இந்த ஏற்பாட்டைத் திருட்டு என்றுதான் சொல்வேன். அதைவிடப் பெரிய திருட்டும் அதில் இருக்கிறது. சதுப்பைத் தின்கிற கட்டடத்தை விற்க, சதுப்பின் பறவையையே நிறுத்தினார்களே!

1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்த சதுப்பு பள்ளிக்கரணை. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். ராம்சார் எல்லையைச் சுற்றிய வழக்குகள் இன்னும் ஓயவில்லை. துண்டறிக்கை வந்த நாளிலிருந்து அவர் பின்னணியை வெட்டுவதை விட்டுவிட்டார். கூழைக்கடா இருக்கும், அதற்குப் பின்னால் கிரேனும் இருக்கும், குப்பை மேடும் இருக்கும். போட்டிகளுக்கு அனுப்பினால் தேறாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். “நான் பார்த்தது அதுதானே சார்” என்கிறார். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பால்பாயின்ட் பேனாவால் தேதி, நேரம், நின்ற இடம் மூன்றும் எழுதிவைத்திருக்கிறார். அவர் வீட்டு அலமாரியில் பதினோரு அட்டைப் பெட்டிகள் எண்ணினேன்.

பள்ளிக்கரணைக்குக் கேமராவோடு போகிறவர்கள் பின்னணியை வெட்டாதீர்கள். தேதியும் இடமும் எழுதிவையுங்கள். கேமரா இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது.