விராலின் காவல்

எங்கள் ஊர்க் கண்மாயின் காலக் கணக்கை எனக்குக் கற்பித்தவர் என் அத்தா. ஐப்பசி மழையில் புதுவெள்ளம் பெருகும். அப்போது மண்புழுவைக் கோத்தால் கெண்டை அகப்படும். நீர் தெளிந்தபின் பிசைந்த கோதுமை மாவே போதும். விராலுக்கோ அல்லி இலைகளின் ஓரத்தில் சிறு தவளையைத் துள்ளவிட வேண்டும். மேலெழுந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் அது. கோடையில் கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றுள் உயிர் தாங்கி நிற்கும்.

“மழைக்காலத்தில் நீர்மேல் செங்குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடு, தம்பி” என்பார் அத்தா.

பன்னிரண்டாம் வயதில் அச்சொல்லை மீறினேன். குஞ்சுகளின் நடுவே தவளையை இட்ட மறுகணமே பெரிய விரால் ஒன்று பாய்ந்து கவ்வியது. பெருமிதத்துடன் வீடு வந்தேன். அத்தா கடிந்துகொள்ளவில்லை, என்னை மீண்டும் கரைக்கு அழைத்துச் சென்றார். சிதறிய குஞ்சுகளைப் பிற மீன்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. கொக்கொன்றும் வந்து நின்றது.

“பசித்து அது கவ்வவில்லை, பிள்ளைகளைக் காக்கப் பாய்ந்தது” என்றார்.

அன்றிரவு அம்மா வைத்த குழம்பு என் தொண்டையில் இறங்கவில்லை.

இன்று ரப்பர்த் தவளைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்கும் விரால் ஏமாறுகிறது. இரை எதுவாயினும், அதை எறியலாகாத காலம் ஒன்று உண்டு. பேரனுக்குத் தூண்டில் வாங்கித் தந்தபோது, முடிச்சிடக் கற்பிக்குமுன் இதையே சொன்னேன்.