பாஸ்கு என்றொரு சொல்

என் சிறு வயதில் ஊர்காவற்றுறையில் எவரும் ‘ஈஸ்டர்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது பாஸ்கு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து யூதர் விடுபட்டதை நினைவுகூரும் ‘பெசாக்’ என்ற எபிரேயச் சொல்லே அதன் வேர். மார்ச் 21ஐ ஒட்டிவரும் முழுநிலவுக்குப் பின்னான முதல் ஞாயிறு என்பது கணக்கு. மேற்கே இதனை வசந்த விழா என்பர். எங்கள் தீவிலோ அது கிணற்று நீர் உவர்ப்பேறும் பங்குனி, சித்திரை வெக்கை.

பெரிய வியாழன் இரவோடு கோவில் மணி ஓய்ந்துவிடும். அதன்பின் மரக்கட்டைகளைத் தட்டும் ஓசைதான். சுரூபங்கள் ஊதாத் துணிக்குள் மறைந்திருக்கும். பெரிய வெள்ளியன்று வள்ளங்கள் கரையில் கிடக்கும். வீட்டில் கஞ்சி மட்டுமே. அம்மம்மா வியாகுலப் பிரசங்கத்தை இராகமிட்டு வாசிப்பார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய நூல் அது. அடிகளாரின் தாய்மொழி கொங்கணி என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். அந்தத் தமிழுக்குத்தான் அம்மம்மா ஆண்டுதோறும் அழுதார்.

சனி நள்ளிரவில், இருண்ட கோவிலில், ஒரு திரியிலிருந்து மறுதிரிக்கு ஒளி பரவும். ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும் மூன்று நாள் மௌனம் கலைந்து மணி முழங்கும். எனக்குப் பாஸ்கு என்றால் அந்த மணிதான்.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது நாங்களும் வெளியேறினோம். அம்மம்மாவின் புத்தகம் வீட்டோடு போயிற்று.

2019 ஏப்ரல் 21 காலை கொழும்பில் செய்திப் பிரிவில் இருந்தேன். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு என்று ஆலயப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விடுதிகளின் பெயர்களும் வந்தன. மாண்டோர் 260க்கும் மேற்பட்டோர். ‘உயிர்த்த ஞாயிறு தாக்குதல்’ என்ற தலைப்பை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று. செய்திக்கு வேறு பெயர் இருக்கவில்லை. ஆயினும் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், ஆண்டுதோறும் நினைவுநாள் வரும்போதும் அதே தொடரைத்தான் தட்டச்சுச் செய்கிறேன். இன்று ‘உயிர்த்த ஞாயிறு’ என்று எழுதினால் விரல்கள் தாமாகவே அடுத்த சொல்லைத் தேடுகின்றன. உயிர்ப்பைக் குறித்த சொற்களைச் சாவுக்குப் பெயராக்கிவிட்டோமே என்ற உறுத்தல் எனக்குண்டு.

ஊருக்குத் திரும்பிவிட்ட சின்னம்மா பத்திரிகை வாசிப்பவரல்லர். தவக்காலம் பாதி கடந்ததும் தொலைபேசியில் அழைப்பார்.

“தம்பி, இந்தமுறையெண்டாலும் பாஸ்குக்கு வாறியோ?”

சனி இரவே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.