முந்தானையில் முடிந்த சர்க்கரை

பௌர்ணமி வந்துவிட்டால் எங்கள் ஆரணியில் பல வீடுகளில் சாயங்காலமே தறிச் சத்தம் அடங்கிவிடும். போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பஸ் பிடித்து, 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி, விடியற்காலையில் திரும்புவார்கள். போன வருஷம் நாங்களும் கிளம்பினோம். நான், என் கணவர், இரண்டு குழந்தைகள், அத்தை.

நான் கொஞ்சம் முன்ஜாக்கிரதைக்காரி. கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மூடியில் பிளஸ் குறி போட்ட அழகான பெட்டி. பஞ்சு, கட்டுத் துணி, டெட்டால், நாலு வகைக் களிம்பு. "இனி எது வந்தாலும் பயமில்லை" என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. அன்று ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "சுத்தி முடிச்சிட்டு சாப்பிடலாம்மா, வயிறு நிறைஞ்சா நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

வருண லிங்கத்தை நெருங்கும்போது அத்தையின் நடை தள்ளாடியது. கையைப் பிடித்தேன்; ஜில்லென்று வியர்வை, வெடவெடவென்று நடுக்கம். "அத்தை, என்ன பண்ணுது?" என்றேன். சம்பந்தமில்லாமல், "பாவு காயப் போட்டியா?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். எதைப் போடுவது? நெற்றியில் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஓரமாக டீ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"சர்க்கரை உடம்பா? மாத்திரை போட்டுட்டு சாப்பிடலையா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கி நீட்டினார். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா என்று ஒரு கணம் தயங்கினேன். "குடும்மா சீக்கிரம்!" என்று அதட்டினார். கால் மணி நேரத்தில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே இட்லி வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாத்திரை சாப்பிட்டு, ஆகாரமில்லாமல் நடந்ததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார் டாக்டர். நினைவிருந்து, விழுங்க முடிகிறபோது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஆகாரம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றும் விளக்கினார்.

இன்று நாம் சாதாரணமாக ஒட்டிக்கொள்ளும் பேண்ட்-எய்ட் பிறந்த கதை தெரியுமா? 1920-ல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் வேலை பார்த்த எர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் தன் மனைவிக்காகச் செய்தது அது. யாருக்கு என்ன வரும் என்று பார்த்துச் செய்த மருந்து! நான் அதைத்தான் செய்யவில்லை.

இப்போது எங்கள் பெட்டி ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாதான். ஆனால் பெயர் சொல்லி அடுக்கியது. அத்தைக்குச் சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், மாத்திரைச் சீட்டின் நகல். சின்னவனுக்கு இழுப்பு உண்டு, அவனுடைய இன்ஹேலர். பெரியவள் முட்டியைத் தேய்த்துக்கொள்ளாமல் வரமாட்டாள், சோப்பு, பேண்ட்-எய்ட். வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வரும் அவருக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும். எல்லாருக்கும் பொதுவாக இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து, மூலைக்கு மூலை வெட்டினால் கையைத் தொங்கவிடும் கட்டு இரண்டு கிடைக்கும். பட்டு ஊர்க்காரி என்று பட்டுத் துண்டை வைத்துவிடாதீர்கள், வழுக்கும்!

பர்வதமலை, ஜவ்வாது மலை என்று போகிறவர்கள் பாம்புக்குப் பயந்து கயிறும் பிளேடும் வைத்துக்கொள்வதுண்டு. இரண்டும் வேண்டாம். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதல். கடித்த காலை அசைக்காமல், நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதே வைத்தியம்.

டப்பாவில் என்ன, எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். நமக்கே மயக்கம் வந்தால் யார் திறப்பது?

அத்தை மட்டும் டப்பாவை நம்புவதில்லை. எங்கே கிளம்பினாலும் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறார். "உன் பெட்டி பின்னாலே வரும், இது என்னோடவே வரும்" என்கிறார். நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.